அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டரும் காணாமல் போன 25 வரிகளும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறியாத தில்லித் தமிழர் இருக்க மாட்டார். ஊரிலிருந்து மாற்றலாகித் தலைநகருக்கு வந்து இறங்கியவரிடம், "நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் விலாசமே அதுதான். எதிரே தில்லி ஹாட் 1994-ல் வந்தது. வாசலுக்கே மெட்ரோ ரயில் 2010-ல் வந்தது. ஆனால் உள்ளே நுழைந்தால் அதே நெருக்கமான சந்துகள். ஒரு பக்கம் மீன் வாடை, ஒரு பக்கம் கறிவேப்பிலை வாசம். முருங்கைக்காய், வாழைப்பூ, அப்பளக் கட்டு, நல்லெண்ணெய் டின். காய்கறிப் பையோடு நம் மொழியையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வருகிற இடம் அது.

அங்கே நான் பல ஆண்டுகளாகச் சாமான் வாங்கும் ஒரு மளிகைக் கடை உண்டு. உரிமையாளர் திருநெல்வேலிச் சீமைக்காரர். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. இந்தக் கட்டுரை அந்தக் கடையின் கம்ப்யூட்டரைப் பற்றியது. கம்ப்யூட்டர் விஷயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒரு சமையற்கார அம்மாளின் ஆயிரம் ரூபாயும், அதைவிடப் பெரியதாக அவருடைய சொல்லும் அடங்கியிருக்கின்றன.

தீபாவளி ஃபண்டு

அண்ணாச்சி கடையில் ஒரு தீபாவளி ஃபண்டு நடக்கிறது. ஜனவரி முதல் அக்டோபர் வரை மாதம் 500 ரூபாய் கட்டினால், பத்து மாதத்தில் 5,000 ரூபாய். கடையின் பங்காக ஒரு தவணை சேர்த்து, தீபாவளிக்கு 5,500 ரூபாய்க்குச் சாமான். வீட்டு வேலை செய்கிறவர்கள், டிரைவர்கள், கோவில் மடைப்பள்ளியில் இருப்பவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஆளுக்கு ஓர் அட்டை. பணம் கட்டினால் அதில் ஒரு கையெழுத்து, கம்ப்யூட்டரில் ஒரு பதிவு, கையில் ஒரு சின்ன ரசீது.

கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது 1995-ல் எழுதப்பட்ட புரோகிராம். அப்போது கணக்குப் புரோகிராம் எழுதிப் பிழைத்த ஓர் இளைஞர் ஃபாக்ஸ்ப்ரோ 2.6-ல் எழுதிக் கொடுத்தார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். மூலப் புரோகிராம் யாரிடமும் இல்லை. ஓடுகிற வடிவம் மட்டும் கடையில் தங்கிவிட்டது.

ஃபாக்ஸ்ப்ரோ என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1990களில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன நம் பிள்ளைகளில் பாதிப் பேர் படித்தது அதைத்தான். அதன் பூர்விகம் அமெரிக்காவில் இருக்கிறது. விண்வெளிக் கலங்களை இயக்கும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் என்பவர் 1970களின் கடைசியில் 'வல்கன்' என்ற புரோகிராமை எழுதினார். அதுதான் பின்னர் ஆஷ்டன்-டேட் கம்பெனி விற்ற 'டிபேஸ்'. அதே பாணியில் இன்னும் வேகமாக ஓடும்படி ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனி ஃபாக்ஸ்ப்ரோவைக் கொண்டுவந்தது. 1992-ல் அந்தக் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. டாஸில் ஓடும் கடைசிப் பதிப்பான 2.6, 1994-ல் வந்தது. அதன் வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கான ஆதரவும் 2015 ஜனவரியோடு முடிந்தது. ஆனால் கடைக்காரரின் கணக்கு கம்பெனி நாட்காட்டிப்படி முடிகிறதா என்ன?

ரயில்வேயில் நான் வேலை பார்த்த காலத்தில் ஸ்டோர்ஸ் கணக்குக்காக டிபேஸும் ஃபாக்ஸ்ப்ரோவும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதைத் தெரிந்துவைத்திருந்த அண்ணாச்சி, ஏதாவது கோளாறு வந்தால், "சார், கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்பார். கூலி ஒரு கட்டு அப்பளம்.

பூஜ்யத்தால் வகுத்த கதை

முதல் கோளாறு 2001-வாக்கில் வந்தது. பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று புதிதாக ஒன்று வாங்கினார். புரோகிராமைத் திறந்ததும், 'பூஜ்யத்தால் வகுத்தல்' என்று ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. "நான் எதையும் வகுக்கவே இல்லையே சார்" என்றார் அண்ணாச்சி. நியாயமான பேச்சு.

அவர் வகுக்கவில்லை, புரோகிராம் வகுத்தது. அக்காலப் புரோகிராம்கள் சில, கிளம்பும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து பார்த்துக்கொள்ளும். ஒரு சிறிய வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் எத்தனை தடவை செய்ய முடிந்தது என்று எண்ணும். பழைய பி.சி.யின் கடிகாரம் விநாடிக்குச் சுமார் 18 முறை துடிக்கும். ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லி விநாடி. எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து, வந்த விடையை 16 பிட் இடத்தில் போட்டு வைப்பார்கள். அந்த இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசஸர்கள் வந்ததும் எண்ணிக்கை எக்கச்சக்கமாகி, விடை அந்த இடத்தில் கொள்ளவில்லை. விடை கொள்ளாவிட்டாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் பிராசஸர் எழுப்பும் கூக்குரல் ஒன்றே. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்களில் இது 'ரன்டைம் எரர் 200' என்று பிரசித்தம். ஃபாக்ஸ்ப்ரோ 2.6-லும் வேகமான கம்ப்யூட்டர்களில் இதே குடும்பத்துக் கோளாறு வந்தது. அதற்கென்று வந்திருந்த சிறிய திருத்தத்தைப் போட்டதும் சரியாயிற்று.

இதில் நான் கற்றது ஒன்று. பிழைச் செய்தி பொய் சொல்லாது. ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. 'வகுத்தல்' என்று அது சொன்னது, நோய் 'வேகம்'. எஞ்சின் டிரைவர் "சத்தம் வருகிறது" என்று எழுதிக் கொடுத்தால், சத்தம் வரும் இடத்தையே கழற்றுகிறவன் நல்ல மெக்கானிக் அல்ல.

அடுத்து விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தது. அதில், 'நிறைய ஃபைல்கள் திறந்திருக்கின்றன' என்று தகராறு. ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்கள்தான் திறக்கலாம் என்று டாஸ் புரோகிராம்களுக்கான அமைப்பு ஃபைலில் 40 என்று போட்டிருந்தது. அதை 100 ஆக்கியதும் வழிக்கு வந்தது. அந்த எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் அதற்கப்புறம் பல வருஷம் உழைத்தது. எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது, அண்ணாச்சி நிறுத்தவில்லை. "இன்டர்நெட் இணைப்பே கிடையாது, வைரஸ் எங்கே சார் வரும்?" என்று கேட்டார். அந்த அளவில் அவர் சொன்னது சரிதான்.

2022 அக்டோபர்

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை. நவராத்திரி, கொலுவுக்குச் சுண்டல் கடலை வாங்குகிற கூட்டம். மாத முதல் தேதி என்பதால் ஃபண்டுக்குப் பணம் கட்டுகிறவர்களும் வரிசையாக வந்தார்கள். இரவு கடை சாத்தும் நேரத்தில் பிரிண்டரில் காகிதம் சிக்கியது. திரை அசையாமல் நின்றது. கல்லாவில் இருந்த பையன், ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்திப் புரோகிராமை மூடிவிட்டு, கம்ப்யூட்டரையும் நிறுத்திவிட்டுப் போனான். மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை. மின்சாரம் தரும் பெட்டி எரிந்துபோயிருந்தது.

தீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 24. மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணாச்சியின் மகன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த கெட்டிக்காரப் பையன். உடனே விண்டோஸ் 11 போட்ட புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. வழியாக இணைத்து ஃபைல்களை எல்லாம் எடுத்துவிட்டார். புரோகிராமை அழுத்தினால், 'இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது' என்று செய்தி. சரி, தொலைந்தது என்று, கணக்கு ஃபைலை மட்டும் ஒரு மாற்றுப் புரோகிராம் வழியாக எக்ஸெலுக்குக் கொண்டுவந்தார். எல்லாப் பெயர்களும் எல்லாத் தொகைகளும் அழகாக வந்து உட்கார்ந்தன. அவருக்குச் சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து நான் அரிசி வாங்கப் போனபோது கடையில் ஒரு தர்க்கம். சமையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், விழுப்புரம் பக்கத்தவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செப்டம்பர் மாதத் தவணையையும் அக்டோபர் தவணையையும் சேர்த்து, ஒன்றாம் தேதி ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டதாகச் சொல்கிறார். எக்ஸெலில் எட்டுத் தவணைதான் இருக்கிறது. அட்டையைப் பார்க்கலாம் என்றால், அந்த வாரக் கடைசியில் கொட்டிய மழையில் பை நனைந்து, அட்டையும் அதற்குள் மடித்து வைத்த ரசீதும் கூழாகிவிட்டன. கையெழுத்திருந்த இடத்தில் நீலக் கறைதான் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இல்லியே பாட்டி" என்றார் மகன், மரியாதையாகத்தான்.

"கம்ப்யூட்டர் கையிலயா குடுத்தேன்? உங்க கடைப் பையன் கையில குடுத்தேன் தம்பி."

பணம் வாங்கிய பையனோ அன்றைக்கு முப்பது நாற்பது பேரிடம் வாங்கியிருந்தான். அவனுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அக்கா பொய் சொல்றவங்க இல்ல சார். ஆயிரம் ரூபா எனக்குப் பெரிசில்ல, குடுத்துரலாம். ஆனா 'இரக்கப்பட்டுக் குடுத்தாரு'ன்னு ஆகிரும்லா? அது அவங்களுக்குக் கேவலம். கணக்குல வரணும்."

அந்தச் சொல்தான் என்னை அன்று வீட்டில் தூங்கவிடவில்லை. தருமமாகக் கொடுத்தால் அம்மாள் சொன்னது நிரூபணமாகாது. கணக்கில் வந்தால்தான் ஆகும்.

மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

முதலில் புரோகிராம் ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் மீட்டர் கேஜ் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். தண்டவாள இடைவெளி 1,000 மில்லி மீட்டர். பிராட் கேஜில் அது 1,676. மீட்டர் கேஜ் எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஓடாது; அது எஞ்சினின் குற்றமும் இல்லை, தண்டவாளத்தின் குற்றமும் இல்லை. டாஸ் புரோகிராம் 16 பிட் அகலத்துக்கு எழுதியது. 32 பிட் விண்டோஸில், எக்ஸ்.பி. உட்பட, இதற்கென்று பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் ஒரு தனி அறை இருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த அறை இல்லை. அதற்குத் தேவையான பழைய நிலையைப் பிராசஸர் 64 பிட்டில் ஓடும்போது தருவதில்லை. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான்.

கேஜ் மாறும் ஜங்ஷனில் ரயில்வே இரண்டு காரியம் செய்யும். ஒன்று, சரக்கை இறக்கி அடுத்த கேஜ் வண்டியில் ஏற்றும். இரண்டு, மீட்டர் கேஜ் பெட்டியையே தட்டையான பிராட் கேஜ் வேகன்மேல் ஏற்றிக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு வழிகள்தான். மகன் செய்தது முதல் வழி: கணக்கை இறக்கி எக்ஸெலில் ஏற்றினார். இரண்டாவது வழிக்கு, பழைய கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. 2002-ல் விளையாட்டுப் பிரியர்களுக்காக வந்த டாஸ்பாக்ஸ் அதில் ஒன்று. ஆபீஸ் வேலைக்கு ஏற்றதாக வி-டாஸ் என்று ஒன்று உண்டு.

எந்த வழியானாலும் சரக்கு மாற்றும் ஜங்ஷனில் ஒரு சட்டம் உண்டு. இறக்கிய மூட்டையையும் ஏற்றிய மூட்டையையும் எண்ண வேண்டும். எண்ணினார்களா என்பதுதான் என் சந்தேகம்.

ஃபைலின் தலையில் எழுதியது

மறுநாள் பழைய டிஸ்கிலிருந்து இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். மூலத்தைத் தொடவில்லை. வரவுக் கணக்கு ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

டிபேஸ் காலத்து ஃபைலின் அமைப்பு ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் போல எளிமையானது. முதலில் தலைப்பகுதி. அதில் கடைசியாக மாற்றிய தேதி, மொத்தம் எத்தனை வரிகள், தலைப்பகுதி எத்தனை பைட், ஒரு வரி எத்தனை பைட் என்று எழுதியிருக்கும். பிறகு பெயர், தேதி, தொகை என்று ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் 32 பைட் விவரம். அதன் பின் வரிகள், எல்லாம் ஒரே நீளம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு வரியை 'அழித்தாலும்' உண்மையில் அது போவதில்லை. வரியின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவே. 'பேக்' என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போகும்.

அண்ணாச்சியின் ஃபைலில் ஒன்பது கட்டங்கள். ஆகவே தலைப்பகுதி 32, ஒன்பது 32கள், முடிவுக் குறி ஒன்று. மொத்தம் 321 பைட். ஒரு வரி 86 பைட். தலையில் எழுதியிருந்த வரிகளின் எண்ணிக்கை 14,187. எக்ஸெலிலும் 14,187. சரியாக இருப்பது போலத்தான் தோன்றியது.

ஆனால் ஃபைலின் மொத்த அளவு 1,222,553 பைட். காகிதத்தை எடுத்தேன். 321-ஐக் கழித்தால் 1,222,232. அதை 86-ஆல் வகுத்தால் 14,212. மீதி இல்லை. தலையில் எழுதியிருப்பதைவிட 25 வரிகள் அதிகம்!

நடந்தது இதுதான். ஃபைலை ஒருவரே திறந்து வைத்து வேலை செய்யும்போது, ஃபாக்ஸ்ப்ரோ வரிகளை டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும். தலையிலுள்ள எண்ணிக்கையை மட்டும் ஃபைலை மூடும்போது திருத்திக்கொள்ளலாம் என்று நினைவில் வைத்திருக்கும். பெருக்கல் குறியை அழுத்திப் புரோகிராமைக் கொன்றபோது, வரிகள் டிஸ்கில் இருந்தன, தலை திருந்தவில்லை. மாற்றுப் புரோகிராம் தலையைப் பார்த்து, 14,187 என்று படித்து, அத்தோடு நின்றுவிட்டது. 'எரர்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிழைச் செய்தி வருகிற கோளாறு நல்ல கோளாறு. செய்தியே இல்லாமல் வருவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் பிந்தைய பதிப்புகள் திறக்கும்போதே தலையையும் உடலையும் ஒப்பிட்டு எச்சரிக்கும், பழைய 2.6-க்கு அந்தப் பழக்கம் இல்லை.

இன்னொன்றையும் யோசித்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் வழக்கம்போல எழுந்திருந்தால், முதல் புது ரசீது 14,188-ஆம் வரியில் போய் உட்கார்ந்திருக்கும். அதாவது காணாமல் போன 25 வரிகளின் மேலேயே எழுதியிருக்கும். எரிந்துபோன மின்பெட்டிதான் கணக்கைக் காப்பாற்றியது.

திருத்தம் மிகச் சிறியது. வரி எண்ணிக்கையை நான்கு பைட்டுகளில், சிறிய இலக்கம் முதலில் வரும்படி எழுதியிருப்பார்கள். அங்கே 107, 55, 0, 0 என்று இருந்தது. 55-ஐ 256-ஆல் பெருக்கி 107-ஐக் கூட்டினால் 14,187. நகலில் 107-ஐ 132 ஆக்கினேன், 14,212 ஆயிற்று. பன்னிரண்டு லட்சம் பைட்டுகளில் மாறியது ஒன்றே ஒன்று. பிறகு இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டி, நகலை வி-டாஸில் ஓடவிட்டேன். 1995-ன் நீலத் திரை புதுக் கம்ப்யூட்டரில் எழுந்து நின்றது.

கல்லாவும் கணக்கும்

ஆனால் கணக்கு மீண்டுவிட்டது என்று சொல்ல இது போதாது. அந்த 25 வரிகளில் குப்பை இருந்தால்? டிஸ்கில் முன்பு கிடந்த வேறு ஏதோவாக இருந்தால்? அண்ணாச்சியிடம் கேட்டேன்: "ஒன்றாம் தேதி ராத்திரி கல்லாவை எண்ணினீர்களா?"

அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை நோட்டை எடுத்தார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தும் அவர் அந்த நோட்டை விடவில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரியும். தினமும் கல்லாவில் உள்ள ரொக்கத்தை எழுதி வைக்கிறார். ஒன்றாம் தேதியின் கணக்கை எக்ஸெலோடு ஒப்பிட்டால் கல்லாவில் 11,750 ரூபாய் அதிகம். "ஏதோ மொத்த வியாபாரத்துல பில்லு போடாம விட்டிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

25 வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், மகன் கூட்டினார். தேதி எல்லாம் அக்டோபர் 1. அட்டை எண்கள் எல்லாம் கடையின் பட்டியலில் உள்ளவை. மொத்தம் 11,750. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினெட்டாவது வரியும் பத்தொன்பதாவது வரியும் அந்த அம்மாளின் அட்டை எண், ஐநூறு, ஐநூறு.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. அன்று மாலை கட்டிய மற்றவர்களும் 'பாக்கி' என்றே எக்ஸெலில் நின்றார்கள். அவர்கள் இன்னும் கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களில் எத்தனை பேர் எதிர்த்துப் பேசியிருப்பார்கள்? "கம்ப்யூட்டரே சொல்லுதே, நாமதான் மறந்திருப்போம்" என்று இன்னொரு ஐநூறை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

மறுநாள் மகன் தானே அந்த அம்மாள் வேலை பார்க்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். புது அட்டையில் பத்துக் கையெழுத்தையும் அண்ணாச்சியே போட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் சாமான் வாங்கிப் போகும்போது நானும் கடையில் இருந்தேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நம் வீட்டுக்கும் உண்டு

இது ஒரு மளிகைக் கடையின் கதை மட்டும் அல்ல. சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், கோவில் நன்கொடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, டாக்டரின் நோயாளிப் பதிவு என்று நம்மவர்கள் பலரிடம் 1990களின் ஃபைல்கள் இன்னும் தூங்குகின்றன. தமிழில் தட்டியவற்றுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று: அந்நாளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. எழுத்துரு தொலைந்தால் நல்ல தமிழ்ப் பெயர்கூட வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்துப் பத்திரப்படுத்துவது அவசியம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள் இப்போது அதிகம். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: கோளாறு வந்த ஃபைலைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு புது வரி போதும், பழையதை மூடிவிட. முதலில் நகல் எடுங்கள், வேலை நகலில்தான்.

இரண்டு: பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "ஏதோ வந்தது சார்" என்றால் எந்த டாக்டராலும் மருந்து சொல்ல முடியாது.

மூன்று: மாற்றிய பிறகு வரிகளை எண்ணுங்கள். ஃபைலின் அளவிலிருந்து தலையைக் கழித்து வரியின் நீளத்தால் வகுக்கும் கணக்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். கடைசியில் முடிவுக் குறியாக ஒரு பைட் கூடுதலாக இருக்கலாம்; அது சகஜம்.

நான்கு: தேதிகளைக் கவனியுங்கள. ஆண்டுக்கு இரண்டு இலக்கமே தட்டிய புரோகிராம்களில் 2000 என்பது 1900 ஆகப் பதிவாகியிருக்கலாம். நாளும் மாதமும் அமெரிக்க முறைப்படி இடம் மாறியிருக்கலாம்.

ஐந்து: பழைய புரோகிராம் ஓடினாலும் அதை நம்பிக் குடித்தனம் நடத்த வேண்டாம். எல்லாக் கணக்கையும் எந்தக் கம்ப்யூட்டரும் வாசிக்கக்கூடிய வெறும் எழுத்து ஃபைலாகவும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அது என்னுடையது அல்ல, அண்ணாச்சியுடையது. கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு நோட்டு இருக்கட்டும். இரண்டு சாட்சி ஒத்துப்போனால்தான் வழக்கு முடியும்.

அண்ணாச்சி கடையில் இப்போது புதுப் புரோகிராம் ஓடுகிறது. ஃபண்டும் நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மகன் வரிகளை எண்ணி, சிவப்பு நோட்டோடு ஒப்பிட்டு, ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போடுகிறார். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகிறது என்று என்னிடம் கொஞ்சம் சலித்துக்கொண்டார். ஆகட்டும் என்றேன்.